சிறுபொருள்கள் கணக்கில் சேருமா?

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது பரிக்கிரக பரிமாணம் எனப்படும் பொருள் அளவு நோன்பு. அதன் இலக்கணத்தை நூல்வழி விளக்கும் தகுதியுடையோர் நம்மிடையே பலர் உளர். நாம் எழுதப் புகுவது அதுவன்று. அந்நோன்பை வழுவாது காத்து வருவதாக நம்பியிருந்த ஒருவர், பதினோராண்டுக் காலம் தம்மைத் தாமே எவ்வாறு ஏமாற்றிக்கொள்ள முடிந்தது என்பதையே இங்குக் கூறக் கருதினோம். அந்த ஒருவர் வேறு யாருமல்லர், நாமே.

2012-ஆம் ஆண்டில், எம் ஊர்ப்பக்கம் விகாரம் செய்துவந்த முனிவர் ஒருவரின் திருமுன்னர் நாமும் எம் துணைவியாரும் இந்நோன்பை ஏற்றோம். நிலம் இவ்வளவு, வீடு ஒன்று, பொன் இத்தனை சவரன், ஆடை இத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். நம் நூல்கள் புறப்பொருளைப் பத்தாக வகுக்கும்: நிலம், மனை, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண், பணியாள், ஆடை, பாத்திரம் என்பன அவை. இப்பத்தினுள் எதில் சேர்ப்பது என்று விளங்காத சில்லறைப் பொருள்கள் இக்காலத்தில் நிறைய உண்டல்லவா? அவற்றுக்காக, ‘பிற பொருள்: எதுவாயினும் ஒன்றின் விலை மூவாயிரம் ரூபாய்க்கு மேற்படாது’ என்று நாமே ஒரு வரி சேர்த்தோம். முனிவர் அவ்வரியைப் படித்துவிட்டு ஒரு கணம் எம் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையின் பொருள் நமக்கு விளங்கப் பதினோராண்டு தேவைப்பட்டது.

எம் தந்தையார் வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1970-களின் தொடக்கத்தில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா ஒன்றே அவர் தம் வாழ்நாளில் அணிந்த கைக்கடிகாரம். ஜப்பானிய நிறுவனமான சிட்டிசனின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் கடிகாரங்கள் அந்நாளில் நினைத்தவுடன் கிடைப்பன அல்ல. சொல்லி வைத்து, பணம் சேர்த்து, பட்டணம் போய் வாங்கி வந்தாராம். தோல் வார் மாட்டியிருந்ததைக் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு எஃகுச் சங்கிலி மாட்டிக்கொண்டு வந்தார் என்று பாட்டியார் சொல்வார். நாள்தோறும் காலையில் கோயிலுக்குப் புறப்படுமுன் அதற்குச் சாவி கொடுப்பார். நாளொன்றுக்கு ஓரிரு நிமிடம் அது பிந்தும். பள்ளி மணியும் அதனோடு பிந்தும். அவ்வூரில் யாரும் அதைக் குறையாகக் கொண்டதில்லை.

அத்தகையவரின் மகனாகிய நாம் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டில் முதல் எண்முகக் கடிகாரத்தை வாங்கியது நல்ல நோக்கத்தோடுதான். சாமாயிகத்துக்கு உரிய காலம் ஒரு முகூர்த்தம். அஃதாவது இரண்டு நாழிகை, நாற்பத்தெட்டு நிமிடம். நூல்கள் அதனை 3773 உயிர்ப்புகளாகக் கணக்கிடும். அத்துணை மூச்சை எண்ணி அமரும் ஆற்றல் நம்மிடம் இல்லை. கண்ணை அரைகுறையாகத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதே வழக்கமாயிருந்தது. 48 நிமிடத்தைப் பின்முகமாக எண்ணி முடிந்தவுடன் ஒலி எழுப்பும் கடிகாரம் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தபோது, இது நோன்பிற்கு உதவும் கருவி என்றே வாங்கினோம். அதில் பொய் இல்லை.

இரண்டாவதற்கும் காரணம் கிடைத்தது. நாம் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. சென்னையில் ஞாயிறு மறையும் நேரம் நவம்பர் இறுதியில் மாலை 5.40 அளவிலும் ஜூலையில் 6.40 அளவிலும் இருக்கும். ஏறத்தாழ ஒரு மணிநேர வேறுபாடு. ஆகவே அன்றன்றைய மறைவு நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று வேண்டியதாயிற்று. பஞ்சாங்கத்தில் அச்சிட்டே இருக்கும் செய்தி இது என்பதை எம் துணைவியார் நினைவூட்டினார். மூன்றாவதற்கு நாம் காரணம் கூறியதாக நினைவில்லை.

மூன்றாவது, கேசியோ நிறுவனத்தின் எஃப்-91டபிள்யூ. 1989-இல் வெளிவந்து இன்றளவும் விற்பனையில் உள்ளது. ரியூசுகே மொரியாய் என்பவர் அந்நிறுவனத்தில் சேர்ந்து வடிவமைத்த முதல் கடிகாரம் அதுவாம். எடை 21 கிராம். ஒரே மின்கலம் ஏழாண்டு உழைக்கும் என்பது செய்தவர் கணக்கு. முதுகுப்புறம் நான்கு சிறு திருகாணிகள். அவற்றைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இசைக்கவை போன்ற சிறு படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று என்று முடியும். உள்ளிருக்கும் சில்லு அவ்வாறே பாதியாக்கிப் பாதியாக்கி ஒரு நொடியை வடித்தெடுக்கிறது. காலத்தைச் சமயம், ஆவலி என்று நுணுகி நுணுகிப் பகுத்த மரபில் வந்தவர்க்கு இது எத்துணை இன்பம் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படிகக் கைக்கடிகாரத்தை முதன்முதல் கடைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் செய்கோ நிறுவனம். நாள் 1969 டிசம்பர் 25. விலை நான்கு இலட்சத்து ஐம்பதாயிரம் யென். அன்று ஒரு சிறு மகிழுந்தின் விலை அது. செல்வர் சிலர் மட்டுமே அணிந்த அந்நுட்பம் இருபதாண்டில் கூலித் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது. மலிவு என்பதை இழிவாகப் பேசுவோர் உண்டு. நாம் அவர்களோடு உடன்படுவதில்லை. எல்லார்க்கும் எட்டிய பொருளில் ஓர் அறம் இருக்கிறது. அதுமட்டுமன்று. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையுள்ள கடிகாரத்தை அணிந்தவர் பேருந்துக் கூட்டத்தில் மணிக்கட்டைப் பொத்திக்கொள்வதில்லை. கீறல் விழுந்தால் உறக்கம் கெடுவதில்லை. தொலைந்தால் யாரையும் ஐயுறுவதில்லை. பொருளோடு கூடவே வரும் அச்சமும் சினமும் செருக்கும் அங்கு மிகக் குறைவு. ஆகவே மலிவான கடிகாரம் பற்றின்மைக்கு அணுக்கமானது என்று நண்பர்களிடம் பேசியும் இருக்கிறோம். பேசியது ஒன்றைக் குறித்தவரை உண்மையே. நம்மிடம் இருந்தது ஒன்றன்று என்பதுதான் இடர்.

பற்று ஒன்றில் குறைந்த அளவு எண்ணிக்கையில் பெருகிற்று. 2016 ஜனவரியில் எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடி அலைவோர் அவ்வாண்டுகளில் பெருகினர்; நாமும் அக்கூட்டத்தில் ஒருவராகி, தந்தையார் கடிகாரத்துக்குத் துணையாக இரண்டு வாங்கினோம். கடிகாரத்துக்குத் துணை எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. கைக்கு அடங்கும் வானொலிகள் வந்தன. கைவிளக்குகள் வந்தன. நடையை எண்ணி நாடித்துடிப்பைக் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றும் வந்தது. இரண்டாம் ஆண்டில் அதன் மின்கலம் ஓய்ந்தபோது, ஒட்டிச் செய்த பொருளைத் திறக்க இயலாது, புதிதாக வாங்குவதே மலிவு என்று கடைக்காரர் கையை விரித்தார். நான்கு திருகாணியின் அருமை அன்று நமக்கு இன்னும் நன்றாக விளங்கிற்று. ஆயினும் புதிதொன்று வாங்கினோம்.

இவ்வகைப் பொருளில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: இன்பம் பொருளில் இல்லை, வாங்குவதற்கு முந்திய இரவுகளில் இருக்கிறது. இதற்கும் அதற்கும் எடை எவ்வளவு, தடிமன் எவ்வளவு, எண்கள் இருளில் தெரியுமா என்று ஒப்பிட்டுக்கொண்டே நள்ளிரவு வரை அமர்ந்திருப்போம். பொருள் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அது மேசை அறைக்குப் போய்விடும். மனம் அடுத்ததற்குப் போய்விடும். நேரத்தை அளக்கும் கருவிக்காக நாம் இழந்த நேரத்தை எந்தக் கருவியும் அளக்கவில்லை.

கடிகாரத்திலிருந்து விளையாட்டுக் கருவிக்கு நாம் போனது தற்செயலன்று, அவை உடன்பிறந்தவை. நிண்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பெய் யோக்கோய் என்பவர், தொடர்வண்டியில் ஒருவர் பொழுது போகாமல் கணிப்பானின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, கையடக்க விளையாட்டுக் கருவி செய்ய எண்ணினார் என்பர். 1980-இல் வந்த அதன் பெயரே ‘கேம் அண்ட் வாட்ச்’. ஆடாதபோது அது மணி காட்டும். புதிய, விலையுயர்ந்த நுட்பத்தை நாடாமல், பழகி மலிந்துபோன நுட்பத்தைப் புதிய வகையில் ஆளவேண்டும் என்பது அவர் கொள்கை. அதே வழியில் 1989-இல், எஃப்-91டபிள்யூ பிறந்த அவ்வாண்டிலேயே, கேம் பாய் வந்தது. போட்டியாளர்கள் வண்ணத் திரை காட்டியபோது, வண்ணமும் ஒளியும் இல்லாத திரையோடு, நான்கு சிறு மின்கலங்களில் பல மணிநேரம் உழைத்து அது வென்றது. அதனோடு பல நாடுகளில் சேர்த்துத் தரப்பட்ட டெட்ரிஸ் ஆட்டம் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னவ் என்பவர் 1984-இல் ஆக்கியது. விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்குவதே ஆட்டம். அதில் எதிரி இல்லை, அடியும் இல்லை.

நம் பிள்ளைகள் காலத்தில் வீடுதோறும் இருந்த ‘பிரிக் கேம்’ அந்த டெட்ரிசின் மலிவுப் படிதான். பெட்டியின்மேல் 9999 ஆட்டம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே. வேகத்தையும் தொடக்கத்தையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருப்பார்கள். அந்தப் பொய்யை நினைத்துச் சிரித்த நாம், பல ஆயிரம் பழைய ஆட்டங்கள் மெய்யாகவே அடங்கிய சீனக் கையடக்கக் கருவி ஒன்றை 2021-இல் வாங்கினோம்; விலை நோன்பின் எல்லைக்கு ஐம்பது ரூபாய் குறைவு. இன்றுவரை அவற்றுள் ஓர் ஆட்டத்தையும் முற்ற ஆடி முடித்ததில்லை. பிள்ளைகளோ அந்தச் சில ஆட்டங்களைப் பொத்தான் தேயும்வரை ஆடினார்கள்.

எம் பேரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கும் பாடசாலையில் யசோதர காவியக் கதை கேட்டு வந்திருந்தான். வாசகர் அறிந்த கதைதான். தீக்கனவின் பயனை விலக்கத் தேவிக்குப் பலியிட வேண்டும் என்று தாய் சந்திரமதி வற்புறுத்த, உயிர்க்கொலைக்கு அஞ்சிய மன்னன் மாவினால் செய்த கோழியை வெட்டுகிறான். அதனாலேயே தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழல்கின்றனர். பேரன் கைப்பேசியில் யாரையோ சுட்டு வீழ்த்திக்கொண்டே கேட்டான்: “தாத்தா, நான் சுடுகிறவர்களும் மாக்கோழிதானே? எனக்கும் அத்தனை பிறவி வருமா?”

கேலிக்காகக் கேட்டதன்று, அவன் குரலில் சிறிது அச்சமும் இருந்தது. நாம் அப்போது நம் கையடக்கக் கருவியில் ஏதோ ஒரு விண்கலத்தைச் சுட்டுக்கொண்டிருந்தோம். “பிறகு சொல்கிறேன்” என்றோம். எந்த வீட்டிலும் பெரியவர்கள் சொல்லும் விடை அது.

பிறகு எண்ணிப் பார்த்தோம். ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டை வெட்டுகிறது. சதுரங்கத்தில் காயை வெட்டு என்றே சொல்கிறோம். நம் முன்னோர் கோயில் திண்ணையின் கல்லிலேயே கோடு கீறி இவற்றை ஆடினர். யாரும் பிறவிக்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. அப்படியாயின் மாக்கோழி மட்டும் ஏன் பாவமாயிற்று? நமக்குத் தோன்றியது இது: ஆடுபுலி ஆடுவோர்க்கு ஆட்டின் சாவு வேண்டுவதில்லை, வெற்றியே வேண்டும். கூழாங்கல்லுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்தாலும் அவர்க்கு ஒன்றே. யசோதரனோ, வெட்டப்படுவது மாவாக இருக்கவேண்டும், ஆனால் அது உயிராகக் கொள்ளப்படவும் வேண்டும் என்று விரும்பினான். கையில் இரத்தம் படாமல் கொலையின் பயன் மட்டும் வந்து சேரவேண்டும் என்று எண்ணினான். சங்கற்பம் என்பது அங்கே நிறைவாக இருந்தது.

இக்காலத் துப்பாக்கி ஆட்டங்கள் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கின்றன. புளியங்கொட்டையை மாற்றி வைத்தால் அவற்றை யாரும் ஆடமாட்டார்கள். வீழ்பவன் மனிதனைப்போல் வீழவேண்டும், அலறவேண்டும் என்பதற்காகவே பெரும்பொருள் செலவிடப்படுகிறது. எனினும் ஆடும் சிறுவன் யாருடைய சாவையும் விரும்பவில்லை. நண்பர் நால்வரோடு சேர்ந்து வெல்வதையே விரும்புகிறான். எனவே பேரனிடம் ஒரு கிழமை கழித்துச் சொன்னோம்: “பிறவி வருமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெல்லும்போது மகிழ்கிறாயா, வீழ்கிறவனைப் பார்க்கும்போது மகிழ்கிறாயா என்று நீயே பார்த்துக்கொள். இரண்டாவது என்றால் நிறுத்திவிடு.” அவன் சிறிது எண்ணிவிட்டு, “சில நேரம் இரண்டாவதுதான் தாத்தா” என்றான். அந்நேர்மை நமக்கு அந்நாளில் இருந்ததில்லை.

இனிக் கடிகாரங்களுக்கு மீள்வோம். நாம் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சாமாயிகத்தில் அமர்வது வழக்கம். எம் துணைவியார் அதே நேரத்தில் அடுத்த அறையில் அமர்வார். அவர் அறையில்தான் நம் கடிகார மேசை இருக்கிறது. எண்முகக் கடிகாரங்களில் ஒவ்வொரு மணிக்கும் இருமுறை மெல்ல ஒலிக்கும் ஏற்பாடு உண்டு. நம்முடையவற்றுள் பன்னிரண்டில் அந்த ஒலி இயங்கிக்கொண்டிருந்தது. இவ்வகைக் கடிகாரங்கள் மாதத்துக்கு முப்பது நொடி வரை முந்தவோ பிந்தவோ செய்யும். அணியாது கிடந்தவற்றை நாம் திருத்தி வைப்பதும் இல்லை. ஆதலின் ஆறு மணி என்பது அந்த அறையில் ஒரே நேரத்தில் வருவதன்று. ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து நிமிடம் வந்துகொண்டே இருக்கும். நமக்கு அது செவியில் விழுவதே இல்லை.

2023-ஆம் ஆண்டுத் தசலட்சணப் பருவத்துக்குச் சில நாள் முன்பு, சாமாயிகம் முடிந்து எழுந்தவர் நம்மிடம் வந்து, “இன்றைக்குப் பதினொன்றுதான் அடித்தது. ஒன்று நின்றுவிட்டது போலிருக்கிறது, பாருங்கள்” என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. நம் பொருளில் ஒன்று பழுதாயிற்றே என்னும் அக்கறையோடுதான் சொன்னார். “எண்ணிக்கொண்டா இருந்தாய்?” என்று கேட்டோம். எண்ணக்கூடாது என்றுதான் இருப்பதாகவும், முதல் ஒலி கேட்டவுடன் மனம் தானே எண்ணத் தொடங்கிவிடுவதாகவும், பன்னிரண்டாவது வந்து முடிந்தால்தான் திரும்பவும் தியானத்தில் நிற்பதாகவும் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, “போன தீபாவளிக்கு முன்னாலிருந்து” என்றார். ஏறத்தாழ ஓராண்டு. நாற்பத்தெட்டு நிமிட அமைதியைக் காப்பதற்கென்று வாங்கத் தொடங்கிய பொருள்கள் அடுத்த அறையில் இருந்தவரின் அமைதியை நாள்தோறும் உடைத்திருக்கின்றன. அதை நம்மிடம் சொல்லவும் அவர்க்குத் தோன்றவில்லை.

தசலட்சணத்தின் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யம். அன்று பகல் மேசை அறைகளை எல்லாம் திறந்து தரையில் பரப்பினோம். கைக்கடிகாரம் பத்தொன்பது, வானொலி மூன்று, கைவிளக்கு ஐந்து, விளையாட்டுக் கருவி இரண்டு. வாங்கிய விலைகளைக் கூட்டினால் முப்பத்து நான்காயிரத்தைத் தாண்டிற்று. அத்தொகைக்கு ஒரே கடிகாரத்தை வாங்கியிருந்தால் உறவினர் ஏசியிருப்பர். நாமே நம்மை ஏசியிருப்போம். தனித்தனியே எதுவும் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. எல்லைக்கு நூறு ரூபாய்க்குள் வந்து நின்றவை மட்டும் நான்கு இருந்தன. அவற்றின் விலையை நாம் கண்ணால் அளந்து அளந்தே தேர்ந்திருக்கிறோம். நோன்பு நம்மைக் காக்கவில்லை. கடைக்குப் போகையில் எதுவரை வாங்கலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது.

பற்றுக்கு விலை அளவுகோல் ஆகாது என்பதை நம் மரபு தொடக்கத்திலேயே கண்டிருக்கிறது. பொருளையன்று, பொருளின்மேல் கொள்ளும் மயக்கமாகிய மூர்ச்சையையே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. இது நாம் பலமுறை கேட்டதுதான், கேட்டுத் தலையசைத்ததுதான். ஆனால் அன்று மாலை இல்லறத்தார் விரதங்களைக் கூறும் பகுதியைத் தொடர்ந்து படித்தபோது, முன்பு கண் நில்லாத ஓரிடத்தில் நின்றது. அனர்த்த தண்ட விரதம் என்று ஒன்றுண்டு. பயனின்றிச் செய்யும் தீவினையை விலக்குவது அது. இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இது குணவிரதங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பிறர் அழிவை எண்ணிக்கொண்டிருத்தலாகிய அபத்தியானம் அதில் விலக்கப்படுகிறது. காரணமின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை வீணே இறைத்தல், செடியை ஒடித்தல் ஆகிய பிரமாதசரியையும் அதில் விலக்கப்படுகிறது. அவ்விரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள் இறுதியானது எது தெரியுமா? நுகர்பொருள்களைத் தேவைக்கு மிஞ்சிச் சேர்த்து வைப்பது.

பேரனின் துப்பாக்கி ஆட்டமும் நம் பத்தொன்பது கடிகாரங்களும் ஒரே விரதத்தின்கீழ் வந்து நின்றன. அவன் ஆட்டத்தை அகிம்சையின்கீழும் நம் சேர்ப்பைப் பொருள் அளவின்கீழும் வைத்துத் தேடியதால்தான் இரண்டுக்கும் விடை கிடைக்காமல் இருந்தது. அங்கே வைத்தால் ‘ஒருவரும் சாகவில்லையே’ என்று அவன் சொல்லலாம்; ‘மூவாயிரத்தைத் தாண்டவில்லையே’ என்று நாம் சொல்லலாம். அனர்த்த தண்டமோ எவ்வளவு என்று கேட்பதில்லை. எதற்கு என்று கேட்கிறது. முதல் கடிகாரத்துக்கு நம்மிடம் விடை உண்டு. இரண்டாவதற்குப் பாதி விடை உண்டு.

இவ்விடத்தில் நமக்கு ஒரு தடை எழுந்தது. அதை மறைப்பது முறையன்று. பொழுதுபோக்கு என்பதே பயன் கருதாதது அல்லவா? எதற்கு என்று கேட்டால் கோலத்துக்கும் விடை இல்லை, குழந்தையின் பம்பரத்துக்கும் இல்லை. ஒரு நாள் மாலை நாமும் பேரனும் எஃப்-91டபிள்யூவைத் திறந்து மின்கலம் மாற்றினோம். ஒலித்தகட்டையும் உட்பகுதியையும் இணைக்கும் மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதில் உண்டு. அது தெறித்து ஓடிவிட்டது. அரைமணி நேரம் இருவரும் தரையில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் அவனே பாயின் விளிம்பில் கண்டெடுத்து, இடுக்கியால் பொருத்தி, மூடி, பொத்தானை அழுத்தினான். ஒலித்தது. அவன் முகத்தை நாம் மறக்க இயலாது. அந்த மாலையை அனர்த்தம் என்று எழுத எமக்குக் கை வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு கடிகாரம் போதுமாயிருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பழைய தாளை எடுத்து மூவாயிரம் ரூபாய் வரியை அடித்தோம். ‘கைக்கடிகாரம்: மூன்று’ என்று எழுதினோம். தந்தையாருடையது, சாமாயிகத்துக்கு வாங்கியது, பேரனோடு திறந்து மூடியது. எஞ்சியவற்றுள் முள் கடிகாரங்கள் ஏழை, எம் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோர்க்குக் கொடுக்கப் பிரித்து வைத்தோம். பிரித்து வைத்ததைப் பார்த்தபோது, நமக்குப் பிடிக்காத ஏழையே பிரித்திருக்கிறோம் என்பது தெரிந்தது. தந்தையாருடையதற்குத் துணையாக வந்த எச்.எம்.டி. இரண்டில் ஒன்றை எடுத்து அதில் சேர்த்து, வேறொன்றை மீட்டுக்கொண்டோம். அந்த ஒன்றைச் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று. மற்றவற்றுள் சில நண்பர்களிடம் போயின. இதை எழுதும் இவ்வேளையிலும் நான்கு மேசையில் இருக்கின்றன. கணக்கு இன்னும் மூன்றுக்கு வரவில்லை.

ஒலிகளை மட்டும் அந்த ஒன்பதாம் நாள் இரவே ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டோம். மறுநாள் விடியலில் ஆறு மணி ஓசையின்றிக் கடந்தது. சாமாயிகம் முடிந்து துணைவியார் வந்தார். “இன்றைக்கு நன்றாக அமர்ந்தாயா?” என்று கேட்டோம்.

“எங்கே? முதலாவது எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்” என்றார்.